பார்ஜில் சரக்கு போவது எப்படி, சில இடங்களில் போகாமல் நிற்பது ஏன்?

கேள்வி இது: லாரி, ரயிலைவிட பார்ஜில் சரக்கு அனுப்புவது மலிவு என்கிறார்கள். அப்படியானால் ஆறும் கால்வாயும் உள்ள இடங்களில்கூட எல்லாச் சரக்கும் ஏன் அதில் போவதில்லை? ஒரு பார்ஜ் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

மலிவுதான். ஆனால் படகுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்த மலிவு அது. எவ்வளவு ஏற்றுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, எந்த மாதத்தில் நிறுத்தி வைப்பது, கூலி எவ்வளவு கேட்பது என்று இந்தத் தொழிலின் எல்லா முடிவும் அந்த ஓர் அளவில்தான் வந்து முட்டும்.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். பார்ஜ் என்பது தட்டையான அடியும் செங்குத்தான பக்கங்களும் கொண்ட எஃகுப் பெட்டி. ஆழமில்லாத தண்ணீரில் அதிக எடையைச் சுமக்க வேண்டும் என்பதால்தான் அந்த வடிவம். சொந்த எஞ்சினோடு ஓடுபவை ஒரு வகை. ஐரோப்பாவின் ரைன் ஆற்றிலும் கோவாவின் மாண்டவி, ஜுவாரி ஆறுகளிலும் பெரும்பாலும் இவைதான். எஞ்சினே இல்லாத வெறும் பெட்டிகள் இன்னொரு வகை. அவற்றை முன்னாலிருந்து இழுக்கலாம், அல்லது பலவற்றைச் சேர்த்துக் கட்டிப் பின்னாலிருந்து தள்ளலாம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் தள்ளுவதுதான் வழக்கம். அங்கே ஒரு பெட்டி 59.4 மீட்டர் நீளம், 10.7 மீட்டர் அகலம். 9 அடி ஆழத்துக்கு அமிழ்ந்தால் சுமார் 1,360 டன் பிடிக்கும். லாக்குகள் (படகை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் தொட்டிகள்) இருக்கும் மேல் பகுதியில் அகலத்துக்கு 3, நீளத்துக்கு 5 என்று 15 பெட்டிகள் ஒரே தொடராகப் போகும். லாக் இல்லாத கீழ்ப்பகுதியில் 30, 40 பெட்டிகள்கூடப் போவதுண்டு.

இழுப்பதைவிடத் தள்ளுவது மேல். இழுக்கும்போது முன்னால் போகும் படகின் புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் தண்ணீர் நேராகப் பார்ஜின் முகத்தில் வந்து அடிக்கும். பார்ஜும் வடத்தின் முனையில் இடமும் வலமுமாக அலையும். தள்ளும்போது எல்லாம் சேர்ந்து ஒரே உடலாக நகரும். ஒரே ஆள் ஒரே சுக்கானில் சமாளிக்கலாம். இதற்கு விலை, கட்டும் வேலை. ஒவ்வொரு மூலையிலும் கம்பி வடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ராட்சட் வைத்து இறுக்க வேண்டும். ஒரு வடம் தளர்ந்தால் வளைவில் அந்த மூட்டு கதவுபோலத் திறந்துகொள்ளும், சுமை முழுவதும் அடுத்த வடத்துக்குப் போகும், அதுவும் போகும். அறுந்த கம்பி வடம் திரும்பி வீசும் வேகத்தில் கால் முறியும், உயிரும் போகும். ஆகவே இறுகிய வடத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது டெக்கில் முதல் பாடம்.

இனி ஆழம். 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலமுள்ள ரைன் படகை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கி, முனைகளின் வளைவுக்காகப் பத்தில் ஒரு பங்கு கழித்தால், சுமார் 1,130 சதுர மீட்டர் பரப்பு. அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் 11 டன். ஆற்றில் 10 சென்டிமீட்டர் குறைந்தால் 110 டன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். நான்கு பெரிய டிரெய்லர் லாரிகளின் சுமை அது. அரை மீட்டர் குறைந்தால் 550 டன் போச்சு. ஆனால் எஞ்சின், ஆட்கள் சம்பளம், கடன் தவணை எதுவும் அதற்கேற்பக் குறையாது.

2018 அக்டோபரில் ரைனில் காவ்ப் என்ற இடத்திலுள்ள நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. ஆற்றிலேயே 25 சென்டிமீட்டர்தான் தண்ணீர் என்று இதைப் படித்துவிடக் கூடாது. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரை அல்ல. படகு போகும் தடத்தில் அதைவிட சுமார் 1.1 மீட்டர் கூடுதலாக இருக்கும். கூட்டினால் 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய படகுகள் பல நின்றுவிட்டன, ஓடியவை பாதிக்கும் குறைவாக ஏற்றின. லுட்விக்ஸ்ஹாஃபனில் ஆற்றை நம்பி இருக்கும் பாஸ்ஃப் (BASF) ரசாயன நிறுவனம் அந்த ஆண்டின் தாழ்நீரால் தனக்கு 25 கோடி யூரோ அளவுக்கு அடி என்று சொன்னது. இதனால்தான் ரைன் ஒப்பந்தங்களில் தாழ்நீர்க் கூடுதல் கட்டணம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அளவுகோல் இத்தனைக்குக் கீழே போனால் டன்னுக்கு இவ்வளவு கூடுதல். இன்னும் கீழே போனால் ஏற்றவேண்டிய கடமையே இல்லை.

கடலிலிருந்து ஆற்றுக்குள் வருபவர்கள் மறக்கும் ஒன்று: உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீரின் அடர்த்தி சுமார் 2.5 சதவீதம் குறைவு. முகத்துவாரத்தில் 2.50 மீட்டர் அமிழ்ந்திருந்த படகு, ஒரு மூட்டைகூட ஏற்றாமலே, மேலே நல்ல தண்ணீரில் 2.56 மீட்டர் அமிழும்.

இதைவிடப் பெரிய கணக்கு, ஓடும்போது வருவது. படகு நகரும்போது அதன் அடியிலும் பக்கத்திலும் தண்ணீர் பின்னோக்கி விரைந்து ஓட வேண்டும். விரைந்தால் அழுத்தம் குறையும், படகு கீழே இறங்கும். ஸ்குவாட் என்பது இதுதான். தோராயக் கணக்கு எளிது: வேகத்தை ‘நாட்’ (knot) என்ற கடல் அலகில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் படகின் பெட்டித்தன்மைக் கெழுவால் (வடிவம் எவ்வளவு பெட்டிபோல் இருக்கிறது என்று காட்டும் எண்; முழுப் பெட்டிக்கு 1) பெருக்கி 100-ஆல் வகுத்தால் மீட்டரில் கிடைக்கும். பார்ஜுக்குக் கெழு சுமார் 0.9. அகலமான ஆழமற்ற நீருக்கு இது; குறுகிய கால்வாயில் இரட்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டரில், கால்வாயில் இறக்கம் 65 சென்டிமீட்டர். 4 நாட் வேகத்தில் 29 சென்டிமீட்டர். 3 மீட்டர் ஆழக் கால்வாயில் 2.5 மீட்டர் அமிழ்ந்த படகுக்கு மிச்சம் 50 சென்டிமீட்டர்தான். மெதுவாகப் போனால் அடி தப்பும், அவசரப்பட்டால் தரையில் தட்டும்.

உண்மையில் தட்டுவதற்கு முன்பே படகு சொல்லிவிடும். எஞ்சின் சுற்றைக் கூட்டினாலும் கரை மரங்கள் அதே வேகத்தில்தான் பின்னால் போகும். பின்பக்கம் குந்தியதுபோல் தாழும். படகுக்கு முன்னால் தண்ணீர் மேடாக நிற்கும். பக்கத்தில் கரையோரச் சேறு தெரியும் அளவுக்குத் தண்ணீர் வடிந்து, படகு கடந்ததும் பின்னால் அலையாகத் திரும்பி வந்து மோதும். சுக்கானைத் திருப்பினால் படகு திரும்ப நேரமாகும். புரொப்பெல்லர் சேற்றைக் கிளறிப் பின்னால் தண்ணீர் காப்பி நிறமாகும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: எஞ்சினைக் குறைப்பது. குறைத்த பிறகு படகு முன்னைவிட வேகமாகப் போவதுகூட உண்டு, ஏனென்றால் அடியில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது.

எரிபொருளும் இங்கேதான் கரையும். திறந்த நீரிலேயே தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 8-லிருந்து 10 கிலோமீட்டருக்குப் போக ஏறக்குறைய இரு மடங்கு சக்தி. ஆழமற்ற நீரில் இன்னும் மோசம். ஒரு குதிரைத்திறன் சாலையில் 150 கிலோ, தண்டவாளத்தில் 500 கிலோ, தண்ணீரில் 4,000 கிலோ நகர்த்தும் என்று நீர்வழி ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டும் கணக்கு மெதுவாகப் போகும் படகுக்கே பொருந்தும். அவசரமான சரக்குக்கு அந்தக் கணக்கைக் காட்டுவது ஏமாற்று.

கால்வாய்க் கரையும் சும்மா இருக்காது. கரைக்கு அருகில் ஓட்டினால், கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள நீர் வேகமாக ஓடிப் பின்பக்கத்தைக் கரையை நோக்கி உறிஞ்சும். முன்பக்கம் நடுவை நோக்கித் தள்ளப்படும். எதிரே இன்னொரு படகு வரும்போது இது நடந்தால் மோதல்தான். கட்டி வைத்திருக்கும் படகுகளும் தப்பாது. வேகமாகக் கடந்து போகும் பார்ஜ் முதலில் தண்ணீரை இழுத்து, பிறகு திருப்பிக் கொடுக்கும். அந்த இழுப்பில் தளர்வாகக் கட்டிய படகு முன்னும் பின்னும் ஓடிக் கயிற்றை அறுக்கும். கட்டியிருக்கும் படகைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை.

ஏற்றுவதைப் பற்றிப் பலர் நினைப்பது, கொட்டினால் முடிந்தது என்று. இந்தப் பெட்டி நீளமானது, ஆழம் குறைவானது, வளைந்து கொடுக்கும். நடுவில் மட்டும் குவித்தால் நடு தொய்ந்து, பக்கச் சுவரின் மேல் விளிம்பு நசுங்கும். இரு முனைகளிலும் குவித்தால் நடு மேலே வளையும். அளவு மீறினால் படகு இரண்டாக மடிந்து, ஏற்றும் இடத்திலேயே மூழ்கும். ஆகவே ஒரே நடையில் கொட்டக் கூடாது. குறைந்தது இரண்டு நடை: முதல் நடையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பாதி, இரண்டாவதில் மீதி. கடைசி 30, 40 டன்னை வைத்து முன்பின் சமனைச் சரிசெய்வார்கள். சொந்த எஞ்சின் உள்ள படகில் பின்பக்கம் சில சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்திருப்பது நல்லது, புரொப்பெல்லர் நன்றாகத் தண்ணீருக்குள் இருக்கும், சுக்கானும் பிடிக்கும். முன்பக்கம் தாழ்ந்த படகு நேராகப் போகாது.

எத்தனை டன் ஏறியது என்பதை எடைமேடை இல்லாமல் படகே சொல்லும். முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில் டிராஃப்ட் குறியை (எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் அளவுக்குறி) படித்து, சராசரி எடுத்து, படகின் அட்டவணையில் பார்த்தால் மொத்த எடை வரும். காலியாக இருந்தபோது எடுத்ததைக் கழித்தால் சரக்கு. சின்ன அலை இருந்தால் குறியில் தண்ணீர் ஏறி இறங்கும், மேல்கீழ் இரண்டையும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் காலி அளவில்: அடி அறைகளில் தேங்கிய தண்ணீரைக் கணக்கில் விட்டுவிட்டு எடுத்தால், அது இடையில் பம்ப் செய்யப்பட்டதும் சரக்கு குறைந்ததுபோல் தெரியும். மேலே சொன்ன படகில் 2 சென்டிமீட்டர் தவறாகப் படித்தாலே 22 டன் வித்தியாசம்.

லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் தொட்டி. இரு முனையிலும் கதவு. உள்ளே போய்க் கதவை மூடி, நீரை விட்டோ வடித்தோ மட்டத்தைச் சமப்படுத்தி வெளியேறுவது. 984-இல் சீனப் பெருங்கால்வாயில் சியாவோ வெய்யூ அமைத்ததிலிருந்து தத்துவம் மாறவில்லை. விபத்தின் வகையும் மாறவில்லை. இறங்கும்போது மேல் கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் அல்லது கான்கிரீட் படியில் படகின் பின்முனை உட்கார்ந்துவிடும். தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் இறங்கும், படகு சரியும், சில நிமிடத்தில் மூழ்கும். அதற்குத்தான் தொட்டிச் சுவரில் கோடு போட்டிருப்பார்கள். பின்முனை அதைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டது தெரிந்தால் முதலில் வடிப்பதை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும், பிறகு மெதுவாக நீரை ஏற்ற வேண்டும். கயிற்றை வெட்டுவதும் எஞ்சினை முடுக்குவதும் உதவாது.

கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுவது அடுத்த தவறு. இறங்கும் படகு முடிச்சில் தொங்கும். கட்டையில் ஒன்றிரண்டு சுற்று சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவே கூடாது. மேலே ஏறும்போது பிரச்சினை வேறு: உள்ளே பாயும் நீர் படகை முன்னும் பின்னும் தூக்கி எறியும், ஆகவே கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும், தளர்வை உடனுக்குடன் இழுத்துக்கொள்ள வேண்டும்.

நேரமும் லாக்கில்தான் போகிறது. மேல் மிசிசிப்பியின் பழைய லாக்குகள் பெரும்பாலும் 183 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். 15 பெட்டித் தொடர் தள்ளுபடகோடு சேர்த்து 340 மீட்டர் வரும். எனவே தொடரை நடுவில் அவிழ்த்து, முதலில் 9 பெட்டிகளை எஞ்சின் இல்லாமல் உள்ளே விட்டு, மறுபுறம் வின்ச் வைத்து இழுத்து, தொட்டியின் நீர்மட்டத்தைத் திரும்பப் பழையபடி மாற்றி, மீதி 6 பெட்டிகளும் தள்ளுபடகும் வந்து, மறுபடி வடம் போட்டு இறுக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணியில் முடிய வேண்டியது இரண்டு மணி நேரத்தை நெருங்கும். 3 மீட்டர் ஏற்றத்துக்கு ஒருமுறை மட்டம் மாற்ற 18,000 கன மீட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது 1 கோடியே 80 லட்சம் லிட்டர், கீழே போகும். பெரிய ஆற்றுக்கு இது ஒன்றுமில்லை. மலைமேட்டைக் கடக்கும் கால்வாய்க்கு இதுவே உயிர்ப்பிரச்சினை; கோடையில் லாக் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது அதனால்தான்.

ஆற்றில் கீழ்நோக்கி வருவது எளிது என்று தோன்றும். ஓட்டுபவருக்கு அதுதான் கடினம். அசையாத நீரில் மணிக்கு 14 கிலோமீட்டர் போகும் படகு, 5 கிலோமீட்டர் நீரோட்டத்தில் மேலேறும்போது கரையைப் பார்த்தால் 9, இறங்கும்போது 19. ஏறும் படகு எஞ்சினைக் குறைத்தாலே நின்றுவிடும், சுக்கானும் பிடிக்கும். இறங்கும் படகை நிறுத்த ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம். நிற்கும்போது சுக்கான் செத்துவிடும், ஆறு இஷ்டத்துக்குத் தூக்கிப் போகும். அதனால்தான் ரைனில் ஏறி வருபவர் இறங்கி வருபவருக்கு வழி விட வேண்டும். எந்தப் பக்கம் கடப்பது என்பதை ஏறுபவர் நீலப் பலகை காட்டிச் சொல்வார். அமெரிக்க ஆறுகளிலும் இறங்குபவருக்கே முன்னுரிமை.

ஆற்றின் தரையும் ஆண்டுதோறும் இடம் மாறும். வளைவில் வெளிக்கரை ஆழம், உட்கரை மணல். ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குத் தடம் குறுக்கே கடக்கும் இடம்தான் மிகவும் மேடு. தரை தட்டுவது பெரும்பாலும் அங்கேதான். கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் வெள்ளம் வடிந்ததும் பண்டலிங் செய்வார்கள். மூங்கில் சட்டத்தில் பாய் கட்டி நீரோட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துவது. மேல்நீர் தடத்துக்குள் திருப்பப்பட்டு மணலை அரித்துப் போகும், பாய்க்குப் பின்னால் மணல் படியும். தூர்வாரும் இயந்திரத்தைவிட மிக மலிவு. அடுத்த வெள்ளத்தில் எல்லாம் போய்விடும், மறுபடி கட்ட வேண்டும்.

காலிப் படகு இன்னொரு தலைவலி. தண்ணீருக்கு மேலே உயரமான சுவர், அடியில் பிடிப்பில்லை. பக்கக் காற்று இலையைப்போல் தள்ளும். பாலத்தின் அடியிலும் இடிக்கும். பொதுவாக இரண்டு அடுக்கு கன்டெய்னருக்குப் பாலம் 5.25 மீட்டர், மூன்றுக்கு 7 மீட்டர், நான்குக்கு 9.10 மீட்டர் உயரம் வேண்டும். கன்டெய்னர்கள் காலியாக இருந்தால் படகு அமிழாது, அடுக்கு உயர்ந்து நிற்கும். அப்போது அடியறைகளில் தண்ணீர் ஏற்றிப் படகைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள்.

பராமரிப்பில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். பக்கங்களிலும் அடியிலும் உள்ள மூடிய வெற்று அறைகளில் பொத்தல் பார்க்க ஆள் இறங்குவதுண்டு. மாதக்கணக்கில் மூடியிருந்த அறையில் துரு பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை வராது, எச்சரிக்கை இராது; இறங்கியவர் ஏணியிலேயே மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். இரண்டு மூடிகளையும் திறந்து காற்று ஊதி, மீட்டர் வைத்து 20.9 சதவீதம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும். 19.5-க்குக் கீழே இருந்தால் யாருமே இறங்கக் கூடாது. நிலக்கரி ஏற்றிய அறைக்கும் இதே விதி.

இப்போது கேள்வியின் மறுபாதி. இந்தியாவில் 2016 சட்டப்படி தேசிய நீர்வழிகள் 111. பெரும்பாலானவற்றில் பெரிய அளவில் சரக்கு போவதில்லை. கங்கையின் 1-ஆம் எண் நீர்வழி ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கிலோமீட்டர். அதில் ஹால்தியா முதல் பீகாரின் பார் நகரம் வரை 3 மீட்டர், காஸிப்பூர் வரை 2.5, வாரணாசி வரை 2.2 என்றுதான் ஆழத்துக்கு இலக்கே வைத்தார்கள். வாரணாசிக்குப் போகும் படகுக்குக் கீழ்ப்பகுதியில் 3 மீட்டர் ஆழம் இருந்தும் பயனில்லை. ஹால்தியாவில் ஏற்றும்போதே 2.2-க்குக் கணக்குப் போட்டு, அடியில் இடைவெளியும் விட்டு, குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். முழு வழியின் சுமையை அதன் மிக ஆழமற்ற இடம்தான் தீர்மானிக்கிறது.

கோவாவில் இரும்புத் தாதுக்கு பார்ஜ் பல பத்தாண்டுகள் நன்றாக ஓடியதற்குக் காரணம், சுரங்கம் ஆற்றங்கரைக்கு அருகில், மொர்முகாவ் துறைமுகம் முகத்துவாரத்தில். மழைக்காலத்தில் மாண்டவியின் வாயில் மணல்திட்டில் அலை உடையும் என்பதால், கும்பார்ஜுவா கால்வாய் வழியாக ஜுவாரிக்குத் திரும்பிப் போக மாற்று வழியும் இருந்தது. 2012-இல் சுரங்கம் நின்றதும் அதே பார்ஜுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஏனென்றால் ஒரே சரக்கை நம்பிய படகுக்கு வேறு வேலை கிடையாது.

சுரங்கம் ஆற்றிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி, ஆலை மறுமுனையில் 40 கிலோமீட்டர் தள்ளி என்றால் கதை வேறு. லாரியில் ஏற்றி, கரையில் இறக்கி, பார்ஜில் ஏற்றி, இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றினால், ஆற்றில் மிச்சம் பிடித்த பணம் கரையிலேயே போய்விடும். திரும்பி வரும்போது சரக்கு இல்லாவிட்டால் போகும் சரக்கே இரண்டு வழிக்கும் டீசல் கொடுக்க வேண்டும். நிலக்கரி, தாது, தானியம், சிமென்ட், எண்ணெய், மணல், ஜல்லி, லாரியில் ஏறாத டிரான்ஸ்ஃபார்மர், பாய்லர் ஆகியவை பார்ஜுக்கு ஏற்றவை. நாளைக்கே வேண்டும் என்கிற சரக்கு ஏற்றதல்ல.

அனுப்ப நினைப்பவர் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை: வழியில் மிக ஆழமற்ற இடம் எது, வறண்ட மாதத்தில் அங்கே எத்தனை நாள் எவ்வளவு ஆழம் கிடைத்தது, இறக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டன் இறக்க முடியும், அங்கே காத்திருக்கும் நாளுக்குக் காசு யார் தலையில். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1,500 டன் படகை நாளைக்கு 500 டன் இறக்கும் கிரேனிடம் அனுப்பினால் மூன்று நாள் அது கட்டிக் கிடக்கும். வரிசையில் முன்னால் இன்னொரு படகு இருந்தால் ஆறு நாள்.